பம்புக்கு வைத்த பொட்டு

பயப்பட வேண்டிய இடத்தில் தைரியமாக இருப்பதும், தைரியமாக இருக்க வேண்டிய இடத்தில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் என் கூடப் பிறந்த குணம். இதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு கதை எப்போதும் சூடாகத் தயாராக இருக்கும். நான் சொல்லாவிட்டால் அம்மா சொல்வார். அம்மா சொன்னால் என் முட்டாள்தனம் இரண்டு மடங்காகிவிடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு மரக்காணத்துக்குப் பக்கத்தில், ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டி இருந்த ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுற்று வட்டாரத்து இறால் குளங்களிலிருந்து சாம்பிள் வரும். இறாலில் ஆன்டிபயாடிக் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்போம். அது சுத்தமாக இருந்தால்தான் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் இறாலைத் தொடுவார்கள். ரிப்போர்ட் இல்லாத இறால், குழம்புக்குத்தான்.

இந்த வேலையைச் செய்வது எச்.பி.எல்.சி. என்கிற மெஷின். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பம்ப் திரவத்தை அழுத்தி மெல்லிய ஸ்டீல் குழாய் ஒன்றுக்குள் தள்ளும். அந்தக் குழாய்க்குள் நைசான பொடி இறுக அடைத்திருக்கும். சாம்பிள் அதன் வழியே போகும்போது அதில் கலந்திருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். கடைசியில் இருக்கும் டிடெக்டர் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் மலை மலையாக வரையும். எந்த இடத்தில் மலை எழுந்தால் மருந்து என்று எங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் தரை தட்டையாக இருந்தால் இறால்காரர் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

எங்கள் மெஷின், பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி போதும் போதும் என்று கழித்துக்கட்டியது. அதை மேனேஜர் ஞானசேகரன் சார் ஆசையாக வாங்கி வந்து ஏ.சி. ரூமில் வைத்திருந்தார். கடலும் உப்பளமும் சேர்ந்து அனுப்பும் காற்றுக்கு ஏ.சி. ரூம் ஒரு பொருட்டா? ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து, பாதி குமிழ்கள் திரும்பாமல், பம்ப் இருமிக்கொண்டே ஓடும். புது மெஷின்கள் என்ன கோளாறு என்று வார்த்தையாகவே எழுதிக் காட்டுமாம். இதற்கு எல்லா நோய்க்கும் ஒரே அழுகைதான். 'பீப்' என்று கத்தி, சிவப்பு லைட் போட்டு, நின்றுவிடும். (தலைவலியா வயித்துவலியான்னு நாமதான் கண்டுபுடிக்கணும்.)

இந்த மெஷினை நம்பித்தான் அன்று என் மாமா ஒரு குளத்து இறாலையே பிடித்து வைத்திருந்தார்.

சுந்தரம் மாமா அம்மாவின் தம்பி. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று கழுவெளி ஏரி ஓரமாக ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து இறால் விட்டார். முதல் வளர்ப்பு. ராத்திரி பகல் பார்க்காமல் கரையிலேயே கிடந்தார். மருந்து விற்க வந்த ஏஜென்டுகளை எல்லாம் வரப்பு ஏற விடாமல் திருப்பி அனுப்பினார். "ஒரு சொட்டு மருந்து போடாம வளத்துக் காட்டுறேன் பாரு" என்று அவர் சொல்லாத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது.

வழக்கமாக வலை போடுவதற்கு முன்பே சாம்பிள் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிக்கொள்வார்கள். மாமாவின் இறால் வளர்ந்து நின்ற நேரம் ஆயுத பூஜை வந்துவிட்டது. லேப் லீவு. வானமோ கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. பெருமழை பிடித்தால் குளத்து நீர் மாறி இறால் செத்து மிதக்கும். மாமா பயந்துபோய் எனக்கு போன் செய்தார்.

"கௌரி, லீவு முடிஞ்ச அன்னிக்கே காலைல வலை போட்டுடலாம்னு பாக்குறேன். கம்பெனி வண்டி நாலு மணி வரைக்கும்தான் நிக்குமாம். அதுக்குள்ள ரிப்போர்ட் குடுத்துடுவியா?"

"என்ன மாமா இப்படிக் கேக்குறீங்க? மத்தியானம் நீங்க சாப்புட்டு கை கழுவும்போது ரிப்போர்ட் கையில இருக்கும்."

(அந்த வாயை அன்னிக்கே தெச்சிருக்கணும்.)

இங்கே பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞானசேகரன் சார் பக்திமான். லேபில் பூஜை என்றால் பீரோ, ஃபிரிட்ஜ், தராசு, குப்பைக்கூடை வரைக்கும் அவர் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். அன்று நான் கடைசி சாம்பிளை ஓட்டி முடித்திருந்தேன். பம்புக்குள் பஃபர் இருந்தது. பஃபர் என்றால் உப்புக் கரைசல். வேலை முடிந்ததும் சுத்தத் தண்ணீர் விட்டு அதைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே காய்ந்து உப்பாகிவிடும்.

"சார், ஒரு மணி நேரம். கழுவிட்டு நிறுத்திடுறேன்."

"நல்ல நேரம் போயிடும்மா. நிறுத்து, நிறுத்து."

"பூஜை முடிஞ்சதும் கழுவட்டுங்களா சார்?"

"ஏம்மா, பூஜைல வெச்ச பொருள யாராவது தொடுவாங்களா? லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்."

நிறுத்தினேன். சார் பம்பின் முகத்தில் கட்டைவிரலால் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார். நான் பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

லீவு முடிந்த அன்று நான் லேபைத் திறக்கும் முன்பே மாமா வாசலில் நின்றிருந்தார். கையில் தெர்மகோல் பெட்டி. சட்டையெல்லாம் சேறு. கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் கல்யாண வீட்டுக்காரர் களை.

"வலை போட்டாச்சும்மா. ஒவ்வொண்ணும் இந்த நீளம்" என்று உள்ளங்கையைக் காட்டினார். "எல்லாம் ஐஸ்ல கெடக்குது. வண்டியும் வந்து நிக்குது. நீ ஒரு கையெழுத்துப் போட்டா கெளம்பிடும்."

சாம்பிளை அரைத்து, வடிகட்டி, ஊசியில் ஏற்றத் தயாராக்குவதற்குள் பதினோரு மணி ஆகிவிட்டது. பம்பை ஓட விட்டேன். இதில் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் பிரஷர். எங்கள் வேலைக்குத் தொண்ணூறை ஒட்டி ஓடும். பம்பின் முகத்தில் பச்சை எழுத்தில் தெரியும். பார்த்தேன். இருபது.

பிரஷர் குறைவு என்றால் பம்புக்குள் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இது பாடம். காற்றை வெளியேற்ற அசிட்டோநைட்ரைல் என்ற சால்வென்டை உள்ளே இழுத்து, ஒரு பக்கக் குமிழைத் திறந்து வெளியே விட வேண்டும். இதுவும் பாடம். குமிழைத் திருகினேன். துரு. திரும்பவில்லை. சரி போகட்டும், நேராகவே தள்ளிவிடுவோம் என்று சால்வென்டை அப்படியே முழு வழியிலும் ஓட விட்டேன். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

எண் ஏறத் தொடங்கியது. முப்பது. ஐம்பது. எழுபது. எனக்கு உயிர் வந்தது. தொண்ணூறைத் தொட்டபோது கதவைத் திறந்து ரிசப்ஷனில் இருந்த மாமாவைப் பார்த்து, "ஓடுது மாமா!" என்று கத்தினேன். மாமா உடனே போனை எடுத்து, "ரிப்போர்ட் ரெடியாயிட்டே இருக்குதுங்க. பொண்ணு சொல்லிட்டா" என்றார் கம்பெனி ஏஜென்டிடம்.

பெருமையோடு ஊசியை எடுத்துக்கொண்டு வந்தேன். எண் தொண்ணூற்று ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறி, சட்டென்று பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ஆனது. பீப். சிவப்பு லைட்.

திரும்ப ஓட விட்டேன். தொண்ணூற்று ஒன்பது, பூஜ்ஜியம் பூஜ்ஜியம், பீப். பிரஷர் இப்படி ஒரேயடியாக விழுந்தால் எங்கோ ஒழுகுகிறது. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு நட்டுக்கும் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. சென்னையில் இருக்கும் சர்வீஸ் இன்ஜினியரை போனில் பிடித்தேன்.

"பிரஷர் எவ்ளோ மேடம் காட்டுது?"

"தொண்ணூத்தொம்பது சார். அப்புறம் ஜீரோவாயிடுது."

"அப்போ லீக்தான். எல்லா நட்டையும் டைட் பண்ணுங்க மேடம்."

பண்ணினேன். ஸ்பேனரில் தொங்கிக்கொண்டே திருகினேன். கையில் கொப்புளம் கண்டது. மறுபடியும் தொண்ணூற்று ஒன்பது, பூஜ்ஜியம் பூஜ்ஜியம், பீப். மணி ஒன்றரை. வெளியே மாமாவின் செருப்புச் சத்தம் ரிசப்ஷனுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றாலும் பயமாக இருந்தது, கேட்டாலும் பயமாக இருந்தது. ஐஸ் கரைகிற சத்தம்கூட எனக்குக் கேட்பது போலிருந்தது. குளம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை மூளை ஏற்கவில்லை.

ஒரு கட்டத்தில் மாமா பொறுக்க முடியாமல் உள்ளேயே வந்துவிட்டார். வெளி ஆட்கள் வரக்கூடாது என்று சொல்லும் தெம்பு எனக்கில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா, சின்ன லீக்கு."

அவர் முன்னால் இன்னொரு முறை பம்பை ஓட விட்டேன். பம்ப் இந்த முறை 'டொக் டொக்' என்று அடித்துக்கொண்டு உதறியது. அந்த உதறலில், நான்கு நாள் ஏ.சி.யில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டு வில்லையாகப் பெயர்ந்து மேஜையில் விழுந்தது.

பொட்டு இருந்த இடத்தில் பச்சை எழுத்தில் ஒரு மூன்று இருந்தது.

முன்னூற்று தொண்ணூற்று ஒன்பது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நானூறு ஆனது. பீப். சிவப்பு லைட். நானூறில் நின்றுவிடும்படி அந்த மெஷினுக்கு வரம்பு வைத்திருந்ததே நான்தான்.

காலையிலிருந்து நான் பார்த்தது இருபது இல்லை, முன்னூற்று இருபது. காற்றும் இல்லை, ஒழுகலும் இல்லை. பம்பின் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது மூச்சுத் திணறிக் கத்திய ஒவ்வொரு முறையும் நான் நட்டை இன்னும் இறுக்கியிருக்கிறேன்.

மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நானூறுன்னா நல்லதாம்மா, கெட்டதா?"

இன்ஜினியருக்கு போன் போட்டேன். பொட்டு விஷயத்தைச் சொன்னதும், "ஒரு நிமிஷம் மேடம்" என்றார். (சிரிக்காம இருக்க போனை மூடிக்கிட்டார்னு அப்புறம் அவரே சொன்னார்.) பிறகு மெதுவாகக் கேட்டார்.

"லீவுக்கு முன்னாடி கடைசியா என்ன மேடம் ஓட்டுனீங்க?"

"பஃபர்."

"தண்ணி விட்டுக் கழுவுனீங்களா?"

"இல்ல. பூஜை."

"சரி, இன்னிக்கு காலைல முதல்ல எத விட்டீங்க?"

"அசிட்டோநைட்ரைல்" என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்புக் கரைசல் மேல் அசிட்டோநைட்ரைலை ஊற்றினால் உப்பு அந்த இடத்திலேயே கட்டிக்கொள்ளும். முதலில் தண்ணீர், பிறகுதான் சால்வென்ட். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்.

கடைசியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே முன்னால் வந்தேன். பம்பின் வாயில் இருந்த குழாயைக் கழற்றியபோது வெள்ளை வெளேரென்று ஒரு அடைப்பு. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். போதாது என்று உள்ளே என் பங்குக்கு நானும் விளைவித்திருக்கிறேன். ஞானசேகரன் சார் வந்து எட்டிப் பார்த்து, "பூஜைல வெச்சத அன்னிக்கே தொடணும்னு நெனச்சே பாரு, அதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த உப்பைக் கரைக்க வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். அதுவும் சுத்தமான டிஸ்டில்டு வாட்டர். லேபின் ஹாட் பிளேட் பல மாதம் முன்பே உயிரை விட்டிருந்தது. கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு எதிரில் இருந்த டீக்கடைக்கு ஓடினேன். மாஸ்டர் அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, பாய்லரில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார். "எத்தன டீம்மா?" என்று வேறு கேட்டார். வெள்ளைக் கோட்டும் கலைந்த முடியுமாகக் குடுவையை மார்போடு அணைத்து ஈ.சி.ஆர். ரோட்டை நான் கடந்தபோது ஒரு பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது.

அடைப்பு அவசரத்துக்கெல்லாம் கரையவில்லை. வால்வைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போட்டேன். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் உப்பு அறுத்துக் கந்தலாகியிருந்தது. பீரோவைக் குடைந்து பழைய சீல் ஒன்றைக் கண்டுபிடித்து மாட்டினேன். மாட்டுவதற்குள் அது இரண்டு தடவை கீழே விழுந்து உருண்டது. மேஜைக்கடியில் நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது மாமா போனில் பேசுவது கேட்டது.

"இன்னும் அரை மணி நேரம் சார்... இல்ல சார், மெஷின்தான் கொஞ்சம்... என் அக்கா பொண்ணுதான் சார் பாக்குறா, நல்லா படிச்ச பொண்ணு... ஒரு அரை மணி சார்..."

நாலு மணிக்கு நான் பம்பை மூடிக்கொண்டிருந்தேன். நாலே காலுக்கு மாமாவின் போன் அடித்தது. அவர் "சரிங்க" என்று மட்டும் சொன்னார். வண்டி இறாலை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. அதே நேரம் தகரக் கூரையில் மழை படபடவென்று விழத் தொடங்கியது.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நன்றாக அழுதேன். அவர் குளத்தில் எந்தக் குறையும் இல்லை, வானத்தில்கூட இல்லை, குறை எல்லாம் என்னிடம்தான் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பம்பை ஓட விட்டேன். மூன்று எண்ணையும் விரலால் தொட்டுப் படித்தேன். பூஜ்ஜியம், ஒன்பது, இரண்டு. சாம்பிளை ஏற்றினேன்.

மாமா கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மருந்து வர வேண்டிய இடம் வந்தது. போனது. கோடு தரையோடு தரையாக ஓடியது.

"ஒண்ணுமே வரலியேம்மா?"

"ஒண்ணும் வராததுதான் மாமா நல்லது. இறால் சுத்தம்."

அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் சொன்னது நெசம்தானே? ஒரு சொட்டு மருந்து போடலன்னு சொன்னேன்ல?"

"நெசம்தான் மாமா."

"ம்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பிப் போனார்.

விஷயம் தெரிந்த உள்ளூர் வியாபாரிகள் வந்து வாய்க்கு வந்த விலை கேட்டார்கள். பாதி அப்படிப் போனது. மீதி எங்கள் சொந்தக்காரர்கள் வயிற்றுக்குள் போனது. பொம்மையார்பாளையம் பெரியம்மா வீட்டுக்கு ஒரு கூடை, வானூர் சித்தி வீட்டுக்கு ஒரு கூடை. எங்கள் வீட்டில் இறால் தொக்கு, இறால் குழம்பு, இறால் வறுவல், மறுபடி தொக்கு. கடைசியில் ஒருநாள் அம்மா வெறும் ரசம் வைத்தபோது அப்பா தட்டைத் தொட்டுக் கும்பிட்டார். பெரியம்மா போனில், "ஏற்றுமதிச் சரக்குடி, எங்க தெருவுல யாரு துன்னுருப்பா?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

மாமா விடாமல் அடுத்த வளர்ப்புப் போட்டார். அதில் நிமிர்ந்தும் விட்டார். சாம்பிள் மட்டும் சென்னையில் வேறு லேபுக்குப் போனது. நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆனால் அன்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததை அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் எதையாவது அடித்துச் சொன்னால் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். "பஸ் அஞ்சரைக்குத்தாம்மா" என்றால், தம்பி கேட்பான், "மூணு நம்பரும் தெரியுதா?" கேஸ் சிலிண்டர் இன்னும் பத்து நாள் வரும் என்றால் அப்பா கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, உள்ளே வந்து "புடிச்சிருக்கும்மா" என்று சொன்னேன். அம்மா காதோடு காதாக, "மூணு நம்பரும் தெரியுதாடி?" என்றார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முழுக்கதையையும் மாமாவே நடித்துக் காட்டினார். பீப் சத்தம் உட்பட. இப்போது என் கணவரும் கேட்கிறார்.

போன மாதம் மாமா லேபுக்கு வந்தார். பல வருஷங்களுக்குப் பிறகு, கையில் தெர்மகோல் பெட்டியோடு.

"இந்தா கௌரி, குளத்து சாம்பிள். நாளைக்கு வலை போடுறேன். நீயே பாத்துக் குடு."

பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ரிசப்ஷனில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். முகத்தில் ஒரு கவலை இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"என்ன மாமா, மூணு நம்பரும் தெரியுதான்னு கேக்க மாட்டீங்களா?"

"எதுக்கும்மா?" என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "சென்னை லேபு ரிப்போர்ட் நேத்தே வந்துடுச்சு."